எட்டாம் பக்கம்

ஏழுக்குப் பிறகு ஒன்பது வந்தது.

பிரதிக்காரர் மறுபடி எண்ணினார். ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது. இசைத்தாள் கட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒரு குண்டூசி விழுந்தது.

இருபத்திரண்டு பேர் கொண்ட தந்தி வாத்தியக் குழு அது. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ், அவ்வளவுதான். எல்லாருக்கும் சேர்த்து இசையமைப்பாளர் ஒரே கட்டாக எழுதி அனுப்புவார். அதைப் பிரித்து அவரவர் பங்கை அவரவர் தாளில் எழுதித் தருவது பிரதிக்காரர் வேலை. போன மாதம் ஒரு தாளைத் தொலைத்துவிட்டு அவர் திருதிருவென்று விழித்தபோதே மேலாளர் அம்மா சொல்லிவிட்டார்: "இன்னொரு தாள் காணாமப் போச்சுன்னா நீங்க வேற வேலை பாத்துக்கலாம்."

மேசையடி, குப்பைக்கூடை, ஜன்னலுக்கு வெளியே தகரக்கூரை, எல்லா இடமும் பார்த்தாயிற்று. இசையமைப்பாளரையே கேட்கலாம்தான். கேட்டால் தொலைத்தது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வானேன்?

ஏழாம் பக்கக் கடைசியில் இருபத்திரண்டு பேரின் சுரங்களும் கன்னாபின்னாவென்று ஓடின. ஒன்பதின் தொடக்கத்திலும் அதே ஓட்டம். நடுவில் என்னதான் இருந்திருக்கும்? நவீன சங்கீதமாயிற்றே, ஊகித்து மாளுமா? வேலை போகிற பயத்தையும் மீறி அந்தக் கேள்வி அவரைக் குடைந்தது.

டபுள் பேஸ் வாசிப்பவரைக் குழுவில் பீப்பாய் என்பார்கள். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கே? ஒரே ஒரு சுரத்தைக் குடுத்து, பக்கம் பூரா எல்லாரையும் இழுக்கச் சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது?"

"இசையமைப்பாளருக்குத் தெரியுமேய்யா."

"அவரு கடைசி ஒத்திகைக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள கெடைச்சிடும், போ."

முன்னால் நின்று கைக்கோலை ஆட்டிக் குழுவை வாசிக்க வைக்கும் நடத்துநருக்கான தாள் உட்பட எல்லாவற்றிலும் ஒரே சுரம் ஏறியது.

முதல் ஒத்திகையில் அந்தப் பக்கம் வந்ததும் மண்டபமே அடங்கியது. மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது. நடத்துநர் கைக்கோலைக் கீழே வைத்தார். பிரதிக்காரர் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"மூச்சு முட்ட ஓடிட்டு வந்து ஒரு இடத்துல நிக்கிறோம் பாருங்க, இதுதான் இந்தப் படைப்புக்கே உயிர்" என்றார் நடத்துநர். "இன்னும் மெதுவா வாசிங்க."

ஒரு நிமிடப் பக்கம் மூன்று நிமிடம் ஆயிற்று. அதோடு விட்டாரா?

"மூலத்தாளைக் கொண்டாங்க. வேகம் என்ன போட்டிருக்காருன்னு பாத்துடுவோம்."

பிரதிக்காரர் அறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். இசையமைப்பாளரின் கோணல் கையெழுத்திலேயே ஒரு பக்கம் எழுதி, 'மிக மெதுவாக' என்று சேர்த்து, நிறம் மங்கக் கொஞ்சம் டீயும் தெளித்தார். மனுஷன் எட்டை எப்படிப் போடுவார் என்று பார்க்கக் கட்டு முழுக்கத் தேடினார். ஓர் எட்டுகூட அகப்படவில்லை. தன் எட்டையே போட்டார்.

நடத்துநர் பார்த்துப் பூரித்து மேலாளர் அம்மாவிடம் காட்டினார். அந்த அம்மா அதைப் படமெடுத்து நிகழ்ச்சி அட்டையின் முகப்பில் அச்சடித்துவிட்டார். அறுநூறு அட்டை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

கடைசி ஒத்திகைக்கு இசையமைப்பாளர் மனைவியோடு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். பிரதிக்காரர் தூணோரம் நின்றார். எட்டாம் பக்கம் வந்தது. தாளம் போட்டுக்கொண்டிருந்த இசையமைப்பாளரின் கால் நின்றது. அட்டையை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். பிரதிக்காரர் மனசுக்குள் ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை எழுதினார்.

வாசித்து முடித்ததும் நடத்துநர் இறங்கி வந்து இசையமைப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த எட்டாம் பக்கம் ஒண்ணு போதும் சார். எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

இசையமைப்பாளர் அவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மேடையில் கண் கலங்கி நின்ற பீப்பாயைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த ஒரு பக்கத்துக்கே ஆறு மாசம் ஆச்சுங்க."

பிரதிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பழைய கேள்வி இரண்டு மடங்காகக் குடைந்தது. அப்படியானால் தொலைந்த தாளிலும் அதே சுரம்தானா? மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் மெதுவாக அந்த மனைவியிடம் போனார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. பிரதி எழுதறவன் நான்தான். அந்த எட்டாம் பக்கத்தை நான் தொலைச்சிட்டேன். நெசமா அதுல என்னதான் எழுதியிருந்தாரு?"

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டாம் பக்கமா? மாடிப்படியில எட்டாவது படியிலேருந்து உருண்டு இடுப்பை ஒடிச்சுக்கிட்ட நாள்லேருந்து, அவருக்கு ஏழுக்கப்புறம் ஒன்பதுதாங்க."