மின்சாரம் பாய்ந்த உருளைக்கிழங்கு

ஒரு சைக்கிள் பந்தயத்துக்காகத்தான் மனைவியை ஏமாற்றத் துணிந்தேன். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் பிறந்தவனுக்குத் தொலைக்காட்சியில் வரும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் உயிர். அந்த நேரம் பார்த்துத்தான் என் மனைவி கோடலீவ் கத்தியை நீட்டுவாள். அவள் அண்ணன் குடும்பம் சாப்பிட வரும். ஐந்து கிலோ உருளைக்கிழங்கை வறுவலுக்கு நான் வெட்டியாக வேண்டும்.

நான் வேலை பார்ப்பது வறுவல் தொழிற்சாலையில். அங்கே கிழங்கைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண் சிமிட்டும் நேரம் மின்சாரம் பாய்ச்சுவோம். அதன் செல்களில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். விறைப்பாகப் பிடித்து வைத்திருந்த தண்ணீர் கசியும். வீம்பெல்லாம் போய், கிழங்கு கல்யாணமான ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடும். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அந்த மின்சார இயந்திரத்தை ஓட்டும் நண்பன் பார்ட்டிடம், அதில் போட்டெடுத்த ஐந்து கிலோ வாங்கி வந்தேன். பத்தே நிமிடம்! வெட்டி முடித்துப் பந்தயத்தின் முன் உட்கார்ந்துவிட்டேன்.

கோடலீவ் ஒரு துண்டை எடுத்து வளைத்தாள். படக்கென்று முறிய வேண்டிய பச்சைக் கிழங்கு, அவள் விரலில் மோதிரமாகச் சுற்றிக்கொண்டது.

“என்னங்க, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?”

“எல்லாம் கைப்பழக்கம்.”

“கிழங்கை ஒண்ணும் பண்ணலையே?”

“கிழங்கை என்னடி பண்ண முடியும்? கைதான்!”

“அப்போ இந்தக் கை நம்ம தெருவுக்கே உதவணுமே.”

அடுத்த ஞாயிறு தெரு விருந்து. ஆண்டின் பெரிய பந்தயமும் அன்றுதான். காலையில் அடுக்களைக்குப் போனால், அவள் அண்ணன் வயலிலிருந்து நாற்பது கிலோ கிழங்கு மூட்டை மூட்டையாக வந்து உட்கார்ந்திருந்தது.

“முடியலைன்னா சொல்லிடுங்க. வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்.”

“எனக்கா முடியாது?”

அந்தக் கிழங்கிடம் கருங்கல் தோற்றது. முதல் மூட்டையிலேயே கையில் இரண்டு கொப்புளம். கூடத்தில் வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“கை வலிக்குதா?” என்று அவ்வப்போது எட்டிப் பார்த்தாள்.

“சேச்சே!”

கடைசிக் கிழங்கை வெட்டியபோது பந்தயம் முடிந்திருந்தது. மானத்தைக் கைவிட்டேன்.

“கோடலீவ், அன்னிக்கு வெட்டினது என் கை இல்ல. பார்ட்டோட மின்சாரம்.”

“தெரியுமே! இந்த மூட்டைங்களை இயந்திரத்துக்கு ஏத்திட்டுப் போகத்தான் பார்ட்டைக் காலையிலேயே வண்டியோட வரச் சொன்னேன். நீங்கதான் முடியலைன்னு வாயே திறக்கல. சும்மா எதுக்கு நிக்கணும்னு, உங்க நாற்காலியில உட்கார்ந்து பந்தயத்தைப் பார்த்துட்டு இப்பதான் போறாரு.”