செவ்வாய்க்கு ஒரு குழிவாடி

நான் சொல்வதெல்லாம் அப்படியே நடந்ததா என்று எனக்கு உறுதியில்லை. இளையதம்பி மாஸ்டர் அந்த எண்ணெய்ப் பீப்பாயை வலமாகச் சுற்றினாரா, இடமாகச் சுற்றினாரா என்பதே மறந்துவிட்டது. சுற்றினார் என்பது மட்டும் நிச்சயம். ஆண்டு 1971, ஊர் புளியங்கூடல்.

"மாஸ்டர், சாக்கூசி போகுதோ?" வேலிக்கு அப்பாலிருந்து ஏரம்பர் கேட்டார்.

"இன்னும் இல்லை. போகும்."

மாஸ்டரின் தங்கை மீனலோசனிக்கு ஏழில் செவ்வாய். ஏரம்பரின் மகனுக்கு அவளைப் பேசியபோது சாதகம் குறுக்கே நின்றது. செவ்வாய் வெறும் மண்ணுருண்டை என்று மாஸ்டர் வாதாடினார்.

"அப்ப எனக்குக் காட்டும். மண்ணெண்டு கண்டால் சம்மதம்" என்றார் ஏரம்பர்.

"ஓகஸ்ட் பத்திலை அது பூமிக்குக் கிட்ட வருது. அண்டைக்குச் செவ்வாய்."

"எண்டைக்குச் செவ்வாய்?"

"செவ்வாய்க்குத்தான் செவ்வாய்!"

ஊர்காவற்றுறைச் சத்தியபாமா ரீச்சர் நாலு வருடமாக மாஸ்டருக்காகக் காத்திருந்தார். தங்கை கலியாணம் முடியாமல் மாஸ்டர் கட்டமாட்டார்.

செவ்வாயைக் காட்ட மாஸ்டர் தானே செய்யத் தொடங்கிய தொலைகாட்டிக்கு வேண்டிய கண்ணாடிகளைப் பாலசிங்கம் கொண்டுவந்தான். குறிகட்டுவான் லோஞ்சுப் படகில் எஞ்சின் பார்ப்பவன். உடைத்த கப்பலொன்றின் யன்னலிலிருந்து கழற்றிய இரண்டு வட்டங்கள், ஒன்றைப்போல் மற்றது. வால்வு தேய்க்கிற தூளும் அவனுடையதுதான்.

மண் நிரப்பிய பீப்பாயின் மேல் ஒரு கண்ணாடி. தூளும் தண்ணீரும் விட்டு, அதன்மேல் மற்றது. தள்ளி, இழுத்து, ஓர் அடி நகர்ந்து, மீண்டும் தள்ளவேண்டும்.

"மேலை இருக்கிறதோ அண்ணை குழியும்?" என்று மீனலோசனி கேட்டாள்.

"ஓம். அதுதான் குழிவாடி. கீழை இருக்கிறது புடைக்கும். உனக்கேன் அது? தேத்தண்ணி கொண்டு வா."

அவள் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிப்பதற்குள் கண்ணாடிகளைக் கழுவித் துடைத்துத் திரும்பவும் வைத்தாள். மாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர். பெண் பார்க்க வந்த அன்று இரண்டு மணித்தியாலம் தன் மலச்சிக்கலைப் பற்றியே பேசியவர்.

சனிக்கிழமைதோறும் அளவு. கண்ணாடிக்குக் குறுக்கே இரும்பு அடிமட்டத்தை வைத்தால் நடுவில் அதன் கீழே சாக்கூசி நுழையவேண்டும். மாதம் இரண்டாகியும் தையல் ஊசிகூட நுழையவில்லை.

"அமத்தம் காணாது" என்று அம்மிக்குழவியை மேலே கட்டினார். கண்ணாடிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பாலசிங்கம் வந்து சுடுதண்ணீர் ஊற்றிப் பிரித்தான். பிரிப்பதற்கு மூன்று பின்னேரம் வேண்டியிருந்தது.

"தூள் கரடு காணாது" என்று கடற்கரை மணலைக் கலந்தார். கண்ணாடி முழுக்கக் கீறல்.

அதற்குள் அயலில் கதை வேறாகிவிட்டது. மாஸ்டர் தங்கைக்காகப் பீப்பாயைச் சுற்றி நேர்த்தி தீர்க்கிறார் என்று ஆச்சிமுத்து அக்கா அதற்குச் செவ்வரத்தம்பூ மாலை போட்டுவிட்டாள்.

"அக்கா, இது விஞ்ஞானம்!"

"ஓம் தம்பி, எந்தச் சாமியெண்டாலும் பரவாயில்லை. நீர் சுத்தும்."

கடைசியில் மாஸ்டர் புதுத் திட்டம் போட்டார். நீளத் தேய்த்தால் கை களைக்கும். இனி நாளைக்கு ஆறு தவணை, ஆறு தேத்தண்ணி.

"அப்ப ஆறுதரம் கழுவோணும்" என்றாள் மீனலோசனி.

"கழுவு பிள்ளை. உன்ரை வாழ்க்கையல்லோ."

"ஓம் அண்ணை."

ஓகஸ்ட் பத்து மத்தியானமே ஏரம்பர் குடையோடு வந்துவிட்டார். மாஸ்டர் அடிமட்டத்தை வைத்தார். அது கண்ணாடியோடு அப்படியே படிந்து கிடந்தது. மற்றக் கண்ணாடியில் வைத்தார். அதுவும் மேசைபோல் தட்டை.

ஏரம்பர் குனிந்து பார்த்தார். "அஞ்சு மாசம் தேய்ச்சு நல்ல கண்ணாடியைக் குருடாக்கிப் போட்டீர். செவ்வாய் உம்மடை வீட்டை விடாது காணும்."

அவர் போனபின் மாஸ்டர் பீப்பாயில் தலைசாய்த்து அழுதார். பாலசிங்கம் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினான்.

"மாஸ்டர், எனக்கும் ஏழிலைதான் செவ்வாய்."

"உமக்குமோ! ஐயோ பாவம்" என்ற மாஸ்டர், கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

ஆவணியில் பாலசிங்கத்துக்கும் மீனலோசனிக்கும் கலியாணம். ஏரம்பரின் மகன் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஒருவரின் மகளைக் கட்டினார். வயிற்று வருத்தம் சுகமானதாகக் கேள்வி. தையில் சத்தியபாமா ரீச்சர் மாஸ்டரைக் கட்டினார். ஆச்சிமுத்து அக்கா சாகும்வரை அந்தப் பீப்பாய்க்கு மாலை போட்டாள். கண்ணாடிகள் மீனலோசனியின் குசினியில் பானைகளுக்கு மூடியாயின.

பத்து வருடம் கழித்து அந்தக் குசினியில் மாஸ்டர் ஒரு மூடியைத் தூக்கித் தடவினார். "ஏன் குழியேல்லை எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை, பிள்ளை."

மீனலோசனி தேத்தண்ணியை நீட்டினாள். "கழுவின ஒவ்வொரு தரமும் மேலையிருந்ததைக் கீழையும் கீழையிருந்ததை மேலையும் வைச்சது செவ்வாய் இல்லை அண்ணை, நான்."