மாப்பிள்ளைகளைக் கொன்று குவித்தவள்

கண்டியில் எங்கள் காலத்தில் அதிகமான மாப்பிள்ளைகளைக் கொன்றவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் எங்கள் விடுதிக் கொலைகாரியைத்தான் சொல்வேன். ஆயுதம் எதுவும் கிடையாது. வாய் ஒன்றுதான். வயது பதினேழு.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி. அரசாங்க உத்தியோகத்திலிருந்த தகப்பனுக்கு ஊர் ஊராக மாற்றம் வந்துகொண்டிருந்ததால் மகளைக் கண்டியில் பெண்கள் விடுதியில் விட்டிருந்தார். சனிக்கிழமைகளில் விடுதியின் பின்படிகளில் நாங்கள் படிக்கு ஒருத்தியாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவளின் தலையில் பேன் பார்ப்போம். கீழ்ப்படி கொலைகாரியுடையது. அவளுக்கு முன்னால் தலை கிடையாது. அதனால் கதை சொல்லும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

கதை என்றால் கோபிப்பாள்; நாவல் என்று சொல்லவேண்டும். கதாநாயகிக்கு எப்போதும் பதினைந்து, பதினாறு வயது. ஒருத்தி கம்பளை பஸ்ஸை ஓட்டினாள். ஒருத்தி கள்ளனைப் பேராதனைப் பூங்கா முழுக்கத் துரத்திப் பிடித்தாள். இன்னொருத்தி வீட்டில் சொல்லாமல் ரேடியோவில் பாடப் போனாள். கேட்கிறவர்கள் மூச்சுவிட நேரம் இராது. முதல் அத்தியாயத்தில் பெண் பார்க்க வருவார்கள், இரண்டாவதில் அவள் ஓடுவாள், மூன்றாவதில் மாப்பிள்ளை காலி. ஒருவர் மகாவலி ஆற்றில் விழுந்தார். ஒருவரின் தலையில் பலாப்பழம் விழுந்தது. பெண்களுக்கு ஏன் படிப்பு என்று கேட்ட ஒருவர் இடியப்பம் விக்கிச் செத்தார்.

"பாவம்டி, ஒருத்தரையாவது உசுரோட விடேன்" என்று கேட்டுப் பார்த்தேன்.

"நான் என்ன செய்யிறது? அவை வந்து வழியிலை நிக்கினம்" என்றாள்.

நான் சாதாரண தரப் பரீட்சை நன்றாகப் பாஸ் பண்ணி, உயர்தரத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்த கையோடு அப்பா வந்து நின்றார். அப்பா ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கெலிஓயாவில் புடவைக்கடை வைத்திருக்கும் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டாராம்.

"படிச்சது போதும். பொட்டியக் கட்டு" என்றார்.

அப்பாவை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அழுதுகொண்டே போய்ப் பெட்டியைக் கட்டினேன். திரும்பி வந்தால், பார்வையாளர் அறையில் அப்பா கதிரையில் இருக்கிறார். எதிரே தலையில் எண்ணெய் வழிய, கொலைகாரி.

"அவள் வர நேரம் செல்லும், ஐயா. அதுக்குள்ளை ஒரு நாவல் சொல்லட்டோ?" என்று தொடங்கியிருக்கிறாள். ஒரு தோட்டத்துப் பெண், கல்யாணத்துக்கு முதல்நாள் கொழுந்து லொறியில் தொற்றி ஏறுகிறாள். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் புடவைக்கடை மாப்பிள்ளை. ஹுன்னஸ்கிரிய வளைவில் லொறிக்குப் பிரேக் பிடிக்கவில்லை.

"அந்த எடத்துல சரிவு ஜாஸ்தி. செகண்ட் கியர் போட்டாத்தான் நிக்கும்" என்றார் அப்பா, கதிரையின் நுனிக்கு வந்து.

கதவருகே நான் பெட்டியோடு நின்றேன். மாப்பிள்ளை சாகப்போகும் இடம் அதுதான். கொலைகாரி நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் அப்பா.

"தெரியாது."

"என்னம்மா தெரியாதுங்குற?"

"அந்தப் பெட்டை இன்னும் படிச்சு முடிக்கேல்லை. முடிச்சாத்தானே மிச்சம் என்ன எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் இண்டைக்குக் கூட்டிக்கொண்டு போனா, நாவல் இதோடை சரி."

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் கறுத்தது. "எம் புள்ளயப் பத்திப் பேச நீ யாரு?"

"நான் ஆருமில்லை, ஐயா. அவளைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். உதவி செய்கிற பார்வை இல்லை. இனி உன் பாடு என்கிற பார்வை.

 நான் பெட்டியைக் கீழே வைத்துத் திறந்து, மடித்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டேன்.

"நான் வரலப்பா. படிக்கப் போறேன்."

 "கெலிஓயாக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் அப்பா.

"மாப்பிள்ளை உயிரோடை இருக்கிறார் எண்டு சந்தோசப்படச் சொல்லுங்கோ" என்றாள் கொலைகாரி.

அப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கோபம் போகப் பல மாதம் பிடித்தது. ஆனால் அன்றே, வாசல் கேற் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏம்மா, லொறியில ஏறுன அந்தப் புள்ள விழுந்து கிழுந்துறலயே?"

"இல்லை, ஐயா. பத்திரமா இருக்கிறாள்."

பத்திரமாகத்தான் இருக்கிறேன். கணக்கு டீச்சராகி, என் சம்பளத்தில் சாப்பிட்டு, யாருக்கும் பயப்படாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய நாவல் ஒன்றுகூட அச்சில் வரவில்லை. அந்தப் பிசாசை எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.