டேக் அண்ணன் போட்ட பூட்டு

மனுஷனை மெஷின் மாதிரி நடத்துகிறார்கள் என்று ஒரகடம் தொழிற்பேட்டையில் புலம்பாத ஆளே கிடையாது. மனுஷனை மெஷின் அளவுக்காவது மதியுங்களேன் என்று சண்டை போட்ட ஒரே ஆள், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே, எங்கள் டேக் அண்ணன்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். கம்பெனி பஸ்ஸில் அவர் மணிமங்கலத்தில் ஏறுவார், நாங்கள் படப்பையில். நாங்கள் ஏறும்போது பஸ்ஸின் பின்பாதியில் மூச்சுவிட இடமிருக்காது. முன்பாதி காலியாகக் கிடக்கும். டிரைவருக்குப் பின்சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அவர் மடியில் சாப்பாட்டுப் பை. பைக்குள் டிபன் பாக்ஸ், பக்கத்திலேயே பி.பி. பார்க்கிற கருவி, ஒரு இன்ச் டேப், ஒரு கட்டு சிவப்பு அட்டை.

அந்த அட்டைதான் டேக். ஆலையில் ஒரு மெஷின் பழுதானால் மெயின்டனன்ஸ் ஆள் அதில் சிவப்பு டேக் கட்டுவார். என்ன பழுது, என்ன செய்ய வேண்டும், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. பழுது சரியானதும், கட்டின ஆளே கையெழுத்துப் போட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். அதுவரை அதைக் கவனிப்பது அவர் பொறுப்பு. அண்ணன் மெயின்டனன்ஸில் ஃபிட்டர். என்ன, மெஷினோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

கேன்டீன் வடைத் தட்டில் ஒருநாள் டேக் தொங்கியது: ‘எண்ணெய் மூன்று நாள் பழசு. மாற்றவும்.’ மேனேஜர் நாற்காலியில் ஒன்று: ‘நாலு மணி நேரமாக அசைவு இல்லை. நாற்காலி நன்றாக உள்ளது.’ பஸ் டிரைவர் கொட்டாவி விட்ட ஒரு காலையில் ஸ்டியரிங்கிலேயே கட்டிவிட்டார். டிரைவர் இறங்கி முகம் கழுவி, டீ குடித்து, கண்ணை உருட்டிக் காட்டிய பிறகுதான் பஸ் நகர்ந்தது.

பி.பி. பார்க்க அவருக்கென்று ஒரு நேரம் உண்டு. ஓடுகிற பஸ்ஸில் அளவு தப்பும் என்பதால் ஒரகடம் கூட்டு ரோட்டில் சிவப்பு விளக்கு விழக் காத்திருப்பார். விழுந்ததும் கையில் அகப்பட்டவன் கையில் பட்டையைச் சுற்றிப் பம்ப் அடிப்பார். பச்சை விழுவதற்குள் எண் வந்துவிடும். எல்லோரும் வண்டி சிக்னலில் நிற்காமல் போக வேண்டுமென்று சாமியை வேண்டிக்கொண்ட ஒரே பஸ் எங்கள் பஸ்தான்.

ஒருநாள் கூட்டத்தில் பின்னால் நகர முடியாமல் நான் மாட்டினேன். என்னை எல்லோரும் ‘வடை’ என்பார்கள். கேன்டீனில் எனக்குத் தினமும் மூன்று வடை. ஓவர்டைம் முடிந்து ரூமுக்குப் போனால் கையில் போன், பக்கத்தில் டின் பானம், அப்புறம் நாலு மணி நேரத் தூக்கம். இன்ச் டேப் என் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் இரண்டு ஸ்டாப் போய்விடும்.

“நூத்தி அம்பது, நூறு” என்றார் அண்ணன்.

“பஸ்ஸு குலுங்குது அண்ணே. அதான் ஏறிக் காட்டுது.”

“பஸ்ஸு நின்னுக்கினு கீது. நீதான் குலுங்குற.”

மறுநாளும் பிடித்தார், அதற்கு மறுநாளும். அதே எண். அப்புறம் ஒரு பிரசங்கம். “மாசம் பொறந்தா மெஷினுக்கு எண்ண மாத்றோம், பெல்ட்டு பாக்கறோம், போல்ட்டு முறுக்கறோம். ஓடிக்கினு இருக்கும்போதே பண்ணாத்தான் அது பராமரிப்பு. நின்னுட்ட அப்பால பண்ணா ரிப்பேரு. உனுக்கு எப்போபா கடைசியா பண்ண?”

“எனக்கு இருபத்தாறு வயசுதான் ஆகுது அண்ணே.”

“புது வண்டிக்குத்தான்பா மொத சர்வீஸு சீக்கிரம் வரும்.”

சட்டைப் பொத்தானில் டேக்கைக் கட்டிவிட்டார். ‘பி.பி. அதிகம். இடுப்பு நாற்பது. உப்பு, வடை, டின் நிறுத்தவும். டாக்டரைப் பார்க்கவும்.’ நான் அதை அவிழ்த்துப் பர்சில் சொருகிக்கொண்டு, அன்றைக்கு நாலு வடை தின்றேன். நோய் என்பது ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு கிராச்சுவிட்டியோடு சேர்ந்து வருகிற சமாச்சாரம் என்பது அன்றைக்கு என் கொள்கை.

கொள்கை ஆட்டம் கண்டது மெடிக்கல் வந்தபோதுதான். மூன்று வருஷம் கான்ட்ராக்டில் கிடந்த எனக்கு நிரந்தரப் பட்டியலில் பெயர் வந்திருந்தது. மெடிக்கலில் தேறினால் வேலை நிரந்தரம். பி.பி. கொஞ்சம் ஏறியிருந்தால் ‘பயந்துட்டான்’ என்று விட்டுவிடுவார்கள். சர்க்கரைக்கு அந்தச் சலுகை கிடையாது. எங்கள் வீட்டிலோ அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவருக்கும் சர்க்கரை. பாகப்பிரிவினை சண்டையில்லாமல் நடந்த ஒரே சொத்து அதுதான்.

படப்பை ரூம்களில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. மெடிக்கலுக்குக் காலையில் முதல் சிறுநீரை பாட்டிலில் வீட்டிலிருந்தே கொண்டு வரச் சொல்வார்கள். ரூமிலேயே திடகாத்திரமான ஆளிடம் பாட்டிலைக் கொடுத்து நிரப்பி வாங்குவது வழக்கம். எங்கள் ரூமில் அந்தத் திடகாத்திரம் சுயம்பு. நாங்குநேரிப் பக்கம், இருபத்திநாலு வயது, தகடு அழுத்துகிற பிரஸ் லைனில் ஆபரேட்டர். ஜிம்முக்குப் போவான், டீ குடிக்க மாட்டான், நாளைக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் குடிப்பான். இரண்டு மாதமாக உடம்பு வற்றி நரம்பெல்லாம் தெரிந்தது. “கட்டிங்குல, கட்டிங்” என்று கண்ணாடி முன்னால் நின்று பெருமைப்படுவான். ஜிம் பாஷையில் கொழுப்பைக் கரைத்துச் செதுக்குவது. நாங்களும் பொறாமைப்பட்டோம்.

“ஏல சுயம்பு, ஒரு பாட்டில் குடுடே. என் வாழ்க்கையே உன் கையில இருக்கு.”

“கையிலயா இருக்கு?” என்று சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்தான். அந்தப் பட்டியலில் எங்கள் ரூமிலிருந்து நான் ஒருவன்தான்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மருத்துவ அறையிலிருந்து நர்ஸம்மா கூப்பிட்டுவிட்டார். என் பெயர் ஒட்டின பாட்டிலில் சர்க்கரை தாறுமாறாக இருக்கிறதாம். கூடவே கீட்டோன் என்று இன்னொன்றும் இருக்கிறதாம். அது இருக்கவே கூடாதாம். என் விரலில் குத்திப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. புதுப் பாட்டிலைக் கொடுத்து, கதவுக்கு வெளியே காவல் நின்று, திரும்ப நிரப்பச் சொன்னார். சுத்தம்.

“இது உன்னோடது இல்ல தம்பி” என்றார் பழைய பாட்டிலைக் காட்டி. குரலில் கோபம் இல்லை. “யாருதுன்னு நான் கேக்கல. யாருதோ, அவங்களை இன்னைக்கே கூட்டிட்டு வா. தள்ளிப் போடுற விஷயம் இல்ல.”

“பாட்டில் மாறியிருக்கும் சிஸ்டர்” என்றேன். வெளியே வந்தேன். நான் தேறிவிட்டேன். துள்ளிக் குதிக்க வேண்டியவன், ஐந்தாறு லிட்டர் தண்ணீரை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் ரூமில் சொன்னேன். “ஏல சுயம்பு, உனக்குச் சர்க்கரை இருக்குடே.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“சத்தியமாடே.”

“போன வாரம் யாரோ நம்ம ரூம வாங்கிட்டாவ, ஷாப்பிங் மாலு கட்டப் போறாவன்னும் சத்தியம் பண்ணுன. போல அங்கிட்டு.”

வாழ்நாள் முழுக்க நான் அடித்த ஜோக்குகளெல்லாம் அன்று என்னைத் திருப்பி அடித்தன. பாட்டில் விஷயத்தை நர்ஸம்மாவிடம் ஒப்புக்கொண்டால் அவர்களே அவனைக் கூப்பிடுவார்கள். என் வேலை போய்விடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். நாலு மணி நேரம்கூடத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் சுயம்பு வாந்தி எடுத்தான். “புரோட்டின் பவுடர் ஒத்துக்கலை” என்றான். லீவு போடச் சொன்னேன். அடுத்த பட்டியலில் அவன் பெயர் வர வேண்டும், இப்போது லீவு போட்டால் சூப்பர்வைசர் முகம் மாறும் என்று ஷூவை மாட்டினான். பஸ்ஸில் வாயைத் திறந்தபடி தூங்கினான். மூச்சு வேக வேகமாக வந்தது.

முன்சீட்டிலிருந்து அண்ணன் மூக்கை உறிஞ்சினார். “இன்னாபா, கனிஞ்ச பழம் கணக்கா வாசன வருது? யாரு பழம் எட்தாந்தது?”

யாரும் பழம் கொண்டு வரவில்லை. அந்த வாசனை சுயம்புவின் மூச்சிலிருந்து வந்தது. கீட்டோன் ஏறினால் மூச்சு அப்படி மணக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி கேட்டுக்குப் போகிற நூறு அடி தூரத்தில் எல்லாவற்றையும் அண்ணனிடம் கொட்டிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“உனுக்கு எப்போ தெரியும்?”

“நேத்து பதினோரு மணிக்கு.”

“ஒரு மெஷின்ல எண்ண ஒழுவுறத நேத்து பாத்துட்டு இன்னிக்கு வந்து சொன்னா இன்னா தருவாங்கோ?”

“மெமோ அண்ணே.”

“அவன் மெஷின்ல பாதிக்கூட இல்லியா?”

அதற்குள் சுயம்பு உள்ளே போய்விட்டான். நாங்கள் பிரஸ் லைனுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஷிஃப்ட் மணி அடித்து, பிரஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. தகட்டை உள்ளே வைப்பது, கையை எடுப்பது, பொத்தானை அழுத்துவது. மேலிருந்து பல டன் எடை இறங்கி ஏறுகிறது. பாதுகாப்புக் கருவி இருக்கிறது என்று சொல்வார்கள். சுயம்புவின் கண் சொருகுவது இங்கிருந்தே தெரிந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அண்ணன் ஓடவில்லை. விறுவிறுவென்று நடந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினார். இடுப்பிலிருந்து சிவப்புப் பூட்டை எடுத்து, யாரும் சுவிட்சைத் திரும்ப ஏற்ற முடியாதபடி மாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். டேக்கைக் கட்டினார். பிரஸ் பெருமூச்சு விட்டு நின்றது. அதன் பின்னால் இருந்த லைன் முழுக்க ஒவ்வொன்றாக அடங்கியது.

சூப்பர்வைசர் பறந்து வந்தார். “யாருய்யா பூட்டுனது?”

“நான்தான் சார்.”

“மெஷின்ல என்ன பிராப்ளம்?”

“மெஷின் நல்லா கீது சார். ஆபரேட்டர் பிரேக்டவுன். அவனுக்கு ரத்தம் பாத்துட்டு வந்தா தொறக்கறேன்.”

“விளையாடறியா? டார்கெட் யாரு குடுப்பா? திற!”

அண்ணன் சுவரைக் கைகாட்டினார். ‘பூட்டியவர் மட்டுமே திறக்க வேண்டும். மேலதிகாரியும் திறக்கக் கூடாது.’ கம்பெனியே அடிக்கு ஒரு பலகையாக மாட்டிவைத்த விதி. சூப்பர்வைசர் முகம் டேக் நிறத்துக்கு வந்தது.

சுயம்புவுக்கு அவமானம் தாங்கவில்லை. “யோவ், எனக்கு ஒண்ணும் இல்லய்யா! பாக்கேளா?” என்று தரையில் விழுந்து தண்டால் எடுக்க ஆரம்பித்தான். ஒன்று. இரண்டு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூன்று, நாலு. ஐந்தில் கை நடுங்கியது. சிரிப்பு நின்றது. ஆறு. ஏழாவதில் கீழே போனவன் மேலே வரவில்லை. கன்னத்தைச் சிமென்ட் தரையில் வைத்தபடி, “தண்ணி… தண்ணி குடுங்கல” என்றான்.

“உனக்கு எப்படித் தெரியும்? அவன் சொன்னானா?” என்று சூப்பர்வைசர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து சுயம்புவின் ஷூ நாடாவைத் தளர்த்திக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை என்று புரிந்தது. அது தெரிந்த பிறகு சும்மா நிற்க முடியவில்லை.

“பாட்டில் என்னுது சார். உள்ள இருந்தது அவனுது” என்றேன்.

நான் சொன்னதற்கு யாரும் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

மருத்துவ அறையில் விரலில் குத்தினார்கள். நானூற்று எண்பத்தாறு. நர்ஸம்மா இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குக் கை காட்டினார். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் குளுகுளு வார்டு. “இன்னொரு நாள் விட்டிருந்தா நினைவு தப்பியிருக்கும்” என்றார் டாக்டர். “தண்ணியாக் குடிக்கிறான், அடிக்கடி போறான், உடம்பு இளைக்குது. இத்தனையும் பாத்துட்டு நீங்க என்ன நெனச்சீங்க?”

“கட்டிங்னு நெனச்சோம் சார்” என்றேன்.

சுயம்பு இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறான், ஜிம்முக்கும் போகிறான், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததில் நிரந்தரமும் ஆகிவிட்டான். என் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அண்ணனுக்கு மெமோ. நாற்பது நிமிஷம் உற்பத்தி நின்றதற்கு விளக்கம் கேட்டு, ‘ஆபரேட்டர் இயந்திரம் அல்ல, எனவே பூட்டு விதி பொருந்தாது’ என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் அதன் கீழேயே பதில் எழுதிக் கொடுத்தார்: ‘இயந்திரம் அல்ல என்பதை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி.’ அத்தோடு அந்த மெமோ எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

சுயம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்தார். “அவன் கத முட்ஞ்சுது. இப்ப நீ வா.” படப்பையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போய் உட்கார வைத்தார். அங்கேயும் நூற்றைம்பதுதான். அந்த பெஞ்சு குலுங்கியது என்று நான் சொல்லவில்லை. வடை மூன்றிலிருந்து வாரத்துக்கு ஒன்றானது. டின் போனது. தூக்கம் ஏழு மணி நேரம் வந்தது. ஒரு வருஷத்தில் இடுப்பு முப்பத்தைந்து.

நான் இப்போது வேறு கம்பெனி, வேறு பஸ். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “இன்னாபா வட, எவ்ளோ?”

“நூத்தி இருபத்திநாலு, எண்பது அண்ணே.”

“சர்தான்.” வைத்துவிடுவார்.

அவர் கட்டின டேக் இன்னும் என் பர்சில்தான் இருக்கிறது. பழுது சரியாகிவிட்டது, ஒருநாள் மணிமங்கலம் போய்க் கோட்டின்மேல் கையெழுத்து வாங்கிவிடலாம். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் அவர் கவனிக்க வேண்டியதில்லை என்பது விதி. நான் போகவில்லை.