சகலைக்கு ஓடிய லினக்ஸ் எனக்கு ஏன் ஓடவில்லை

அன்பும் பண்பும் நிறைந்த சகலை அவர்களுக்கு, மூத்த சகலை எழுதுவது. இங்கு கம்ப்யூட்டரைத் தவிர அனைவரும் நலம். தங்கள் நலத்தை என் மனைவி தினமும் சொல்லிக்கொண்டே இருப்பதால் தனியாக விசாரிக்கவில்லை.

தாங்கள் போன வாரம் தங்கள் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினீர்களாம். ஒரே ஒரு கட்டளையைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனீர்களாம், தலை துவட்டிக்கொண்டு வந்தால் எல்லாம் தயாராம். தங்கை போனில் சொன்னதை அக்கா, அதாவது என் மனைவி, சாப்பாட்டு மேசையில் என்னிடம் சொன்னாள். "தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்ன கைராசி! நீங்களும்தான் இருக்கீங்களே." எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்?

நானும் தட்டினேன். வேறொரு அப்டேட் ஓடுகிறது, பொறுங்கள் என்றது. தாங்கள் பொறுத்தீர்களா என்ன? வேறு யாரும் குறுக்கே வராதபடி அது போட்டிருந்த பூட்டுக் கோப்பை அழித்தேன், வேலை பாதியில் நின்றது. சரி, தங்களுக்கு எங்கிருந்து மென்பொருள் பேக்கேஜ் வருகிறதோ அங்கிருந்தே எனக்கும் வரட்டும் என்று, தாங்கள் அன்று குளிக்கப் போகும் முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட கம்ப்யூட்டர் திரையின் போட்டோவைப் பெரிதாக்கி, அதிலிருந்த முகவரிகளை ஒரு புள்ளி விடாமல் ஏற்றினேன். தங்களுடைய லினக்ஸ் வகை வேறு, என்னுடையது வேறு என்பது அப்புறம்தான் தெரிந்தது. தங்கள் பக்கத்துப் பேக்கேஜ் உள்ளே வந்தால் நான் வெளியே போவேன் என்று என் பக்கத்தது முரண்டு பிடிக்க, கடைசியில் கம்ப்யூட்டர், இத்தனையையும் நீக்கினால்தான் நகர்வேன், சம்மதமென்றால் 'ஆமாம், நான் சொன்னபடி செய்' என்று முழுதாக டைப் செய்யுங்கள் என்றது. இந்த வீட்டில் நான் சொன்னபடி செய்ய முன்வந்த முதல் ஜீவன் அதுதான். ஆசையாக டைப் செய்தேன். செய்தது. மௌஸ் அம்பு முதற்கொண்டு எல்லாம் போய், கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டுகிறது. மனைவி பதிப்பகத்துக்காக மெய்ப்புப் பார்த்து வைத்த புத்தகம் உள்ளே மாட்டிக்கொண்டது. "தங்கச்சி வீட்டுக்காரரக் கூப்பிடட்டுமா?" என்கிறாள். அதற்குப் பதில் நான் மிச்சக் காலத்தைக் கறுப்புத் திரையோடு ஓட்டிவிடுவேன்.

ஆகவே தாங்கள் வர வேண்டாம். என்ன கட்டளை தட்டினீர்கள் என்பதை மட்டும் ரகசியமாக எழுதவும். அவள் கண்ணில் ஒரு நாளாவது நானும் ஒரு ஆளாகத் தெரிய வேண்டும். மூத்தவன் என்ற முறையில், தாங்கள் நீடூழி வாழ, கொஞ்சம் அடக்கமாகவும் வாழ, ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உயர்வில் பூரிக்க முயலும்
மூத்த சகலை

பி.கு.: கட்டளையை எழுத வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் மனைவி என்னையும் கம்ப்யூட்டரையும் ரிப்பேர் கடைக்கு இழுத்துப் போனாள். அங்கே மேசைமேல் தங்கள் கம்ப்யூட்டர் பிரித்துக் கிடக்கிறது! தாங்கள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோதே திரை கறுப்புதானாமே, கடைக்காரர் சொன்னார்! எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. அதையும் அவரே கெடுத்தார். "உங்க வீட்டுக்காரர் செஞ்சது தினம் நாலு பேர் செய்யறதுதாம்மா. உங்க புத்தகம் பத்திரமா இருக்கு. ஆனா இந்தக் கம்ப்யூட்டர்க்காரர் பண்ணி வச்சிருக்காரே, இப்படி ஒண்ண நான் என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல."

என் மனைவி பெருமை பொங்க என் பக்கம் திரும்பினாள். "பார்த்தீங்களா? கெடுத்தாலும் அவர மாதிரி கெடுக்கணும்."