முறைப்படியார் வீட்டுக்கு வந்த கன்சோல்

பொருளை வாங்கி வந்த கையோடு உறையைக் கிழித்து, சொருகி, அமுக்கி, ஓடுகிறதா என்று பார்த்துவிடுகிற சாதாரண ஜனங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போவது முறைப்படியாரை. தெருவுக்கு நாலு பேர், ஆபீசுக்குப் பத்துப் பேர் என்று பரவியிருக்கும் இனம் இது. அடையாளம் கண்டுகொள்வதும் சுலபம். அவரிடம் ஒரு பென்சிலைக் கொடுத்துச் சீவித் தரச் சொல்லிப் பாருங்கள். முதலில் மேசையைத் துடைப்பார். பிறகு பழைய பேப்பரை விரிப்பார். விரித்த பேப்பரில் படிக்காமல் விட்ட செய்தி இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் சீவுகோலின் அலகு மழுங்கியிருப்பதைக் கண்டுபிடித்து, அதைத் தீட்டுவதற்கு ஒரு கல்லைத் தேடிப் போவார். பென்சில் உங்கள் கைக்கு வரும்போது என்ன எழுத நினைத்தீர்கள் என்பது உங்களுக்கே மறந்து போயிருக்கும்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒன்று ஜப்பானில், ஒகயாமா என்ற ஊரில் இருக்கிறது. பெயர் நெமோத்தோ யசுஹிகோ. வயது ஐம்பத்திரண்டு. அரிசி குக்கருக்கு மூடி செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவர். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். அவருடைய கை பட்ட மூடி ஆவியைத் தப்பவிட்டதாகச் சரித்திரம் இல்லை. வீட்டில் மனைவி மசுமி, படிப்பை முடித்துவிட்ட மகன் ரியோஹெய், பன்னிரண்டு வயது மகள் ஷிஹோ.

ஷிஹோவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான். வீடியோ கேமில் கார் பந்தயம் ஓட்டி அண்ணனை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். ஐந்து வயதிலிருந்து தோற்றுக்கொண்டிருக்கிறாள். சின்னப் பெண்ணாயிற்றே, போகட்டும் என்று விட்டுக்கொடுக்கிற அண்ணன் இல்லை அவன். பழைய கன்சோல் புத்தாண்டு சமயத்தில் புகை விட்டுச் செத்தது. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரியோஹெய் நகோயாவுக்கு வேலைக்குப் போகிறான். கம்பெனி விடுதியில் இடமும் கிடைத்துவிட்டது. அதற்குள் புதுக் கன்சோல் வர வேண்டும், ஓட்ட வேண்டும், ஜெயிக்க வேண்டும். பாவம், அந்தப் பெண் தன் லட்சியத்தை ஒப்படைத்தது யாரிடம்? முறைப்படியாரிடம்.

புதுக் கன்சோலைக் கடைக்குப் போய்க் காசைக் கொடுத்து வாங்கிவிட முடியாது. பெயரைப் பதிந்துவிட்டுக் குலுக்கலில் விழுகிறதா என்று காத்திருக்க வேண்டும். நெமோத்தோ ஆறு கடைகளில், வீட்டிலுள்ள நாலு பேர் பெயரிலும் பதிந்தார். ஜனவரியில் விழவில்லை. பிப்ரவரியில் விழவில்லை. ஷிஹோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். நெமோத்தோவுக்கோ உள்ளூரச் சந்தோஷம். ஏனென்றால் அவருக்கு அளவெடுக்கும் வேலை பாக்கியிருந்தது.

காற்றுப் போக மூன்று பக்கமும் பத்து சென்டிமீட்டர் இடம் விட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். உடனே அட்டையை வெட்டி, ஒட்டி, கறுப்பு வர்ணம் பூசி, அசல் கன்சோலின் அளவிலேயே ஒரு பொம்மைக் கன்சோல் செய்து டிவிக்குக் கீழே வைத்தார். இரண்டு மாதமாக மசுமி அதற்குத் தூசி தட்டினாள். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் வந்தவள், "அடடே, உங்களுக்கு விழுந்துடுச்சா! எங்களுக்கு இன்னும் இல்லை" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். மசுமி சிரித்து மழுப்பினாள். கட்டின புருஷன் அட்டையை வைத்து விளையாடுகிறான் என்று ஊருக்குச் சொல்ல முடியுமா?

கடைசியில் குலுக்கல் ரியோஹெய் பெயரில் விழுந்தது. வெள்ளிக்கிழமை அப்பாவும் மகனும் கடைக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் அட்டைப்பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, தடிமனான கறுப்பு மார்க்கரை எடுத்தாள்.

"என்ன பண்றீங்க?" என்றார் நெமோத்தோ.

"விழுந்தவங்க பேரைப் பெட்டி மேல எழுதணும் சார். வாங்கி அதிக விலைக்கு வித்துடறாங்க இல்ல, அதுக்காக."

"பெட்டி மேலயா? அடியில எழுதக் கூடாதா? இல்லேன்னா ஒரு சீட்டுல எழுதி ஒட்டிடலாமே, நான் நல்லாப் பசை போடுவேன்..."

"அப்பா, அது பெட்டிதானே" என்றான் ரியோஹெய்.

பெட்டிதானே! பத்தொன்பது வருஷத்து டோஸ்டர், நின்றுபோன சுவர்க் கடிகாரம், மாமனார் கொடுத்த மின்விசிறி எல்லாவற்றின் பெட்டியையும் அலமாரியில் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிற மனிதரிடம் சொல்கிற பேச்சா இது? மார்க்கர் கீச்சுக் கீச்சென்று ஓடியது. நெமோத்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளி மாலை வந்த பெட்டியைச் சனிக்கிழமை பிரித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஷிஹோவும் அதைத்தான் கேட்டாள். காலண்டரைப் பார்க்காமல் முறைப்படியார் தும்முவாரா? சனிக்கிழமை 'புத்சுமெட்சு', நம் அஷ்டமியும் நவமியும் சேர்ந்து வந்தால் எப்படியோ அப்படி, தொட்டது துலங்காது. ஞாயிறு 'தைஆன்', எல்லாம் கூடிவரும் நாள்.

"கல்யாணத்துக்குத்தான் அதெல்லாம் பாப்பாங்க" என்றாள் மசுமி.

"கார் டெலிவரி எடுக்கும்போது பாத்தோமா இல்லையா? இதுவும் மெஷின்தானே?"

ஆக, அண்ணனும் தங்கையும் சேர்ந்திருந்த கடைசிச் சனிக்கிழமை பெட்டியைப் பார்த்தபடியே கழிந்தது. ஷிஹோ அதன்மேல் எழுதியிருந்த அண்ணன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். அழியவில்லை.

ஞாயிறு விடிந்தது. ஐந்து பன்னிரண்டுக்கு ரயில். நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒன்பது மணிக்கு நெமோத்தோ வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியைத் திறக்கும் முன் ஒரு போட்டோ, திறந்ததும் ஒரு போட்டோ, ஒவ்வொரு பொருளையும் எடுக்க எடுக்க ஒரு போட்டோ; திரும்ப வைக்கும்போது வரிசை மாறிவிடக் கூடாதாம். எடுத்ததையெல்லாம் பேப்பரில் பரப்பி, பட்டியலோடு சரிபார்த்து, கையேட்டின் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். வாய்விட்டு.

"கருவியின் மேல் ஏறி நிற்கக் கூடாது."

"யாருப்பா ஏறப் போறா?" என்றாள் ஷிஹோ.

"குளியலறையில் பயன்படுத்தக் கூடாது. கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன். சொருகுங்கப்பா."

"சொருகறதுக்கு இன்னும் பதினாலு பக்கம் இருக்கு."

பதினாலு பக்கம் ஆயிற்று. வயர்களை நீளவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, கட்டி, கட்டியது கோணலாகப் போனதால் அவிழ்த்து, மறுபடி கட்டினார். பிறகு இணையத்திலிருந்து ஏதோ இறங்கத் தொடங்கியது. திரையில் ஒரு கோடு ஆமை வேகத்தில் நகர்ந்தது. மகனை வழியனுப்ப வரவழைத்த சுஷியைக் கையுறையைக் கழற்றிச் சாப்பிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, மறுபடி கையுறை மாட்டினார். ரியோஹெய் தன் பையை வாசலில் கொண்டுபோய் வைத்தான்.

அதற்குப் பின் வந்தது பொறுப்புள்ள தந்தையின் கடமை. ஷிஹோ பெயரில் கணக்குத் திறந்து, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாட முடியாதபடி பூட்டுப் போட்டார். பூட்டைத் திறக்க நாலு இலக்க ரகசிய எண். பிறந்த நாளை வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் யாருக்கும் தோன்றாத ஒரு எண்ணை, தனக்கே தோன்றாத ஒரு எண்ணை, காலண்டர்த் தாளைக் கண்ணை மூடிக்கொண்டு குத்திக் குத்தித் தேர்ந்தெடுத்தார். துண்டுச் சீட்டில் எழுதி, கையேட்டுக்குள் வைத்து, கையேட்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பழுப்புத் தாளால் சுற்றி, கயிறு கட்டி, அலமாரியின் மேல் தட்டில் டோஸ்டர் பெட்டிக்குப் பின்னால் ஏற்றிவிட்டார்.

மணி இரண்டு நாற்பது. கன்சோல் தயார். விளையாட வேண்டியதுதானே? அது உங்களுக்கு. அவருக்கு இனிமேல்தான் வேலையே. பந்தயத்தைத் திறந்து, வெளிச்சம் சரிபார்த்தார். ஓட்டாமல், ஓரமாக நிறுத்தி வைத்த காரின் நிழல் போதுமான கறுப்பா என்று எட்டி நின்று பார்த்தார், கிட்டப் போய்ப் பார்த்தார், ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் பார்த்தார். பிறகு சத்தம்.

"ஏங்க, அவன் நாலு மணிக்குக் கிளம்பணும்" என்றாள் மசுமி.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. இடது பக்க ஸ்பீக்கர் கொஞ்சம் முந்திக்குது."

"அதை முந்தறதுக்கு விடுங்க. இவ முந்தணும்னு மூணு மாசமாக் காத்துக்கிட்டிருக்கா!"

மூன்று முப்பத்தைந்துக்கு நெமோத்தோ கையுறையைக் கழற்றினார். "இப்ப விளையாடுங்க" என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருந்தால் நீங்களும் கோபத்தை மறந்திருப்பீர்கள்.

அண்ணனும் தங்கையும் பாய்ந்து உட்கார்ந்தார்கள். காரையும் பாதையையும் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று சுற்று. முதல் சுற்றில் ரியோஹெய் முன்னால். இரண்டாவதில் ஒட்டி ஒட்டி. மூன்றாவது சுற்றின் கடைசி வளைவில், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, ஷிஹோவின் மஞ்சள் கார் முந்தியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கோடு கண்ணுக்குத் தெரிந்தது.

திரை மங்கியது. நடுவில் அழகான எழுத்தில் ஒரு வாசகம் வந்தது: இன்றைய விளையாட்டு நேரம் முடிந்தது. நாளை சந்திப்போம்!

ஷிஹோவின் ஒரு மணி நேரத்தைத் தின்றது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நிழலின் கறுப்பை அளந்தது அவள் கணக்கில் அல்லவா?

"நாளைக்கு அண்ணன் இருக்க மாட்டானேப்பா" என்றாள் ஷிஹோ. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் நெமோத்தோவைக் குத்தியது. காலையிலிருந்து தான் துடைத்ததும் கட்டியதும் அளந்ததும் இந்த மூன்று நிமிஷத்துக்காகத்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் வெட்கமாக இருந்தது.

"நம்பர் என்னங்க?" என்றாள் மசுமி.

"தெரியாது."

"நீங்கதானே வெச்சீங்க?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வெச்சேன்!"

ஓடினார். நாற்காலி போட்டு ஏறினார். டோஸ்டர் பெட்டி தலையில் விழுந்தது, மின்விசிறிப் பெட்டி தோளில் விழுந்தது. கயிற்று முடிச்சு அவிழவில்லை. முறைப்படி போட்ட முடிச்சு எப்படி அவிழும்? அப்போது அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. நெமோத்தோ யசுஹிகோ அட்டைப்பெட்டியைக் கிழித்தார். தாளோடு, கயிற்றோடு, மகன் பெயரோடு குறுக்காகக் கிழித்துக் கையேட்டை உருவினார்.

மணி மூன்று ஐம்பத்தேழு. ரியோஹெய் வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். நெமோத்தோ எண்ணை அடித்து, யாரையும் கேட்காமல் பட்டென்று 'தொடர்க' என்பதை அமுக்கினார். மஞ்சள் கார் சீறிக்கொண்டு புறப்பட்டது. அண்ணனின் நீலக் கார் ஓட்ட ஆளில்லாமல் வேலியில் முட்டி நின்றது.

"போ! போ!" என்று கத்தினார் நெமோத்தோ.

ஷிஹோ போனாள். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"அண்ணா! வா இங்க! நீ இல்லாம ஜெயிச்சா அது ஜெயிப்பா?"

ஒற்றைக் கால் ஷூவோடு ரியோஹெய் வந்தான். ஷூ தரையில் படாமல் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு, முழங்காலாலும் முழங்கையாலும் தவழ்ந்து வந்தான். "ஷூ! ஷூ!" என்று மசுமி பின்னாலேயே துணியோடு ஓடிவந்தாள். அவன் நீலக் காரைப் பின்னுக்கு எடுத்து, திருப்பி, சாவகாசமாக ஓட்டிக்கொண்டு வந்து தங்கையின் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சட்டென்று கோட்டைத் தாண்டிவிட்டான்.

"பாவி! திருட்டுப் பாவி!" ஷிஹோ தலையணையை எடுத்து அவனை மொத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை. "இது செல்லாது! நீ மறுபடி வரணும்!"

"மே மாச லீவுக்கு வரேன். முடிஞ்சா அப்பத் தோக்கடி."

"வரலேன்னா?"

"வருவேன்டி. வராம எங்க போறேன்?"

நெமோத்தோ கிழிந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகனிடம் எவ்வளவோ சொல்ல நினைத்தார். நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், வீடு வெறிச்சென்று இருக்கப்போகிறது. வாயைத் திறந்தார். வந்தது என்னவோ இதுதான்:

"மே மாசமா? ரொம்ப நல்லது. அதுக்குள்ள இடது பக்க ஸ்பீக்கரைச் சரி பண்ணிடலாம்."

ரியோஹெய்க்குப் புரிந்தது. வாசலில் நின்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

என்ன, சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், உங்களோடு ஒரு ஆட்டம் சீட்டோ, ஒரு நடை கடற்கரையோ, ஒரு தம்ளர் காப்பியோ கேட்டுவிட்டு, நீங்கள் தயாராவதற்காகக் காத்திருக்கிறார். அவரிடம் இப்போதே எழுந்து போகலாமே? இதை அப்படியே கீழே போட்டுவிட்டு, இந்த நிமிஷமே.

பார்த்தீர்களா, பக்கத்துக்கு அடையாளம் வைக்க ஒரு துண்டுக் காகிதம் தேடுகிறீர்கள்.