ஆறு மாதம் மழுங்காத கத்தி

இனிமேல் மட்டமான பொருள் எதையும் கையால் தொடுவதில்லை என்று நியாயஸ்தர் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை, சரக்குக் கிடங்கின் மூன்றாம் வாசலில். அப்போது அவர் கையில் கத்தியின் பிடி மட்டும் இருந்தது. அலகு அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது.

அது அவர் வாங்கிய ஒன்பதாவது மடக்குக் கத்தி. எல்லாமே பஸ் ஸ்டாண்டு வாசலில் துணி விரித்து விற்பவர்களிடம் வாங்கியவை. ஒன்று திறக்காது. ஒன்று மூடாது. இன்னொன்று ஒழுங்காகத் திறக்கும், ஒழுங்காக மூடும், வெட்ட மட்டும் வெட்டாது. எட்டுக் கத்திக்கும் பொறுமையாக இருந்த மனிதர் ஒன்பதாவதுக்குப் பொங்கி எழுந்தார்.

நியாயஸ்தர் என்பது அவர் பெயரல்ல. எதைப் பேசினாலும் “நியாயமாப் பாத்தா” என்று தொடங்குவதால் கிடங்கில் வைத்த பட்டம். அது தெரு வரைக்கும் பரவியது. கேலி என்று தெரியாமல் அவரும் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார். உத்தியோகம் சரக்குப் பரிசோதனை. லாரிக்கு ஐந்து பெட்டி வீதம் கிழித்து, உள்ளே இருப்பது சீட்டில் எழுதியதுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு எட்டு லாரி. அட்டை பார்க்கத்தான் சாது. எந்தக் கத்தியையும் தின்றுவிடும்.

மூன்று வாரம் இரும்பைப் பற்றியே படித்தார். சாப்பிடும்போது இரும்பு, பல் தேய்க்கும்போது இரும்பு. கடைசியில் ஒரு மடக்குக் கத்தி வந்து சேர்ந்தது. அதன் விலையைக் கேட்டால் கத்தி இல்லாமலே குத்துப்பட்ட மாதிரி இருக்கும்.

அலுவலகப் பையில் அதை ஒளித்துத்தான் வைத்திருந்தார். அவர் ஒளித்து வைத்த எதையும் அவர் மனைவி கண்டுபிடிக்காமல் இருந்ததில்லை.

“என்னங்க இது?”

“கத்தி.”

“கத்தின்னு தெரியுது. வெல்வெட்டுல படுத்திருக்கே, அதான் கேட்டேன்.”

“நல்ல இரும்பு. அப்படித்தான் வரும்.”

“எவ்வளவு?”

பாதி விலையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது. நியாயஸ்தர் ஆயிற்றே, முழு விலையையும் சொன்னார். மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“கத்தின்னா கத்திதானே. அதுக்கு எதுக்குங்க இவ்வளவு விலை?”

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. கேட்கவில்லை, சொல்லியிருக்கிறார். நாற்பது நாள் முன்பு, இதே அறையில், தையல் மெஷினைப் பற்றி.

அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். கால்மிதி மெஷின், வயதாகிவிட்டது. பத்துத் தையலுக்கு ஒன்றை விட்டுத் தாண்டும். வந்த வேலையில் பாதியைப் பிரித்துத் திரும்பத் தைப்பதிலேயே அவளுக்குப் பொழுது போயிற்று. பள்ளிச் சீருடை அறுபது உருப்படி தேடி வந்தபோது, இந்த மெஷினை நம்பி ஒப்புக்கொள்ள முடியாமல் அடுத்த தெருத் தையற்காரிக்கு விட்டுக்கொடுத்தாள். அன்றைக்கு அழுதாள். மோட்டார் வைத்த நல்ல மெஷின் ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டபோதுதான் நியாயஸ்தர் தீர்ப்புச் சொன்னார்: “நியாயமாப் பாத்தா, தையல்னா தையல்தானே. அதுக்கு எதுக்கு அவ்வளவு விலை?”

இப்போது அதே வாக்கியம் வெல்வெட்டுப் பெட்டிக்கு எதிரே வந்து நின்றது. நியாயஸ்தர் குரலை உயர்த்தினார். நியாயம் குறையும்போது குரல் ஏறுவது உலக வழக்கம்.

“மட்டக் கத்தி ரெண்டு வாரத்துல மழுங்கிடும்மா. இது மழுங்காது. ஆறு மாசத்துக்கு சாணையே பிடிக்க வேணாம்னு எழுதியிருக்கான்.”

“யாரு?”

“செஞ்சவன்.”

“செஞ்சவன் வேற எப்படி எழுதுவான்?”

“வேணும்னா நீயே பாரு. ஆறு மாசம்!”

அவள் கத்தியை எடுத்துத் திறந்தாள். கட்டை விரலை அலகின் குறுக்கே மெல்லத் தடவினாள். ஏதோ யோசித்தாள். பிறகு மடக்கி, வெல்வெட்டில் அதைத் திரும்பப் படுக்க வைத்தாள்.

“சரிங்க. ஆறு மாசம் பாப்போம். மழுங்கலைன்னா நீங்க சொல்றதுதான் சரி. நல்ல பொருளுக்குக் கூடக் குடுத்தாத் தப்பில்லைன்னு நானே ஒத்துக்கறேன். மழுங்கிடுச்சுன்னா இதை யாருக்காவது குடுத்துட்டு, பழையபடி பஸ் ஸ்டாண்டுக் கத்தி.”

“சம்மதம்!” என்றார் நியாயஸ்தர். இவள் இவ்வளவு சுலபமாக வழிக்கு வந்துவிட்டாளே என்று மனசுக்குள் ஒரே மகிழ்ச்சி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகியும், எந்த மகிழ்ச்சியைக் கண்டு பயப்பட வேண்டும் என்று சில ஆண்களுக்குத் தெரிவதில்லை.

மாடியில் குடியிருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். செய்தி கேள்விப்பட்டு அவரே இறங்கி வந்தார்.

“தம்பி, அந்தக் கத்தியக் கொஞ்சம் குடுங்க. கொடிக் கம்பி ஒண்ணு நீளமா இருக்கு, வெட்டணும்.”

“கம்பியா? இதாலயா? அண்ணே, இது அதுக்கில்ல.”

“சரி, பெயின்ட் டப்பா மூடி நெம்பணும்.”

“ஐயையோ, முனை போயிடும்.”

“அப்ப இது எதுக்குத்தான் தம்பி?”

“வெட்டுறதுக்கு.”

“வெட்டுறதுக்குத்தான் என்கிட்ட ஒண்ணு இருக்கே. நாலு பஸ் டிக்கெட் விலை. தங்கக் கத்தின்னு வயித்துல குத்திக்க முடியுமா?”

“உங்க கத்திய எத்தனை நாளைக்கு ஒரு தடவை தீட்டுறீங்க?”

“தினமும். மாடிப்படியிலதான். நாலு இழுப்பு.”

“ஆறு மாசம் கழிச்சு வாங்கண்ணே, பேசுவோம்.”

பேச்சில் வீரம் இருந்ததே தவிர, உள்ளே நியாயஸ்தருக்கு உதறல்தான். தன் வாழ்நாளில் தனக்கென்று அவர் வாங்கிய முதல் நல்ல பொருள் அது. அது சாதாரணக் கத்தி என்று தெரிந்துவிட்டால், அவர் சாதாரண முட்டாள் என்றும் தெரிந்துவிடும். மனைவி எதிரில் அப்படி நிற்க அவருக்கு மனமில்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை கத்தி திணறியது. அட்டையை வெட்டாமல் பிய்த்தது. நியாயஸ்தருக்கு வியர்த்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை பயந்துகொண்டே முதல் பெட்டியில் வைத்தார். தண்ணீரில் இறங்குவது போல இறங்கியது!

அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. அதற்கடுத்த திங்களும் அப்படியே. நியாயஸ்தர் ஆழ்ந்து யோசித்தார். பத்து நாள் யோசித்தபின் உண்மை துலங்கியது. மட்டமான இரும்பு மழுங்கினால் மழுங்கியதுதான். உயர்ந்த இரும்புக்கு வாரம் இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் போதும், தானாகவே தேறிவிடும்.

இந்தக் கண்டுபிடிப்பை அவர் கிடங்கு முழுக்க விளக்கினார். லாரி டிரைவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள், சரக்கை இறக்கவிடாமல் சொன்னதால் வேறு வழியில்லாமல். கூர்மையை நிரூபிக்க இடது முன்கையில் முடியை மழித்துக் காட்டுவார். ஐந்தாவது மாதம் அந்தக் கையில் காட்ட ஒன்றும் மிச்சமில்லை. வலது கைக்கு மாறினார்.

மனைவியிடமும் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

“ஓய்வெடுத்தா சரியாயிடுதா?”

“நல்ல இரும்பும்மா. அதான் விலை.”

“எனக்கு எங்கங்க இதெல்லாம் தெரியும்?” என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை.

ஆறு மாதம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் சபை கூடியது. கண்டக்டர் தன் கத்தியோடு நாற்காலியில் இருந்தார். மனைவி மெஷினருகே இருந்தாள். நியாயஸ்தர் செய்தித்தாளில் ஒரு தாளை உருவி, இரண்டு விரலால் தொங்கவிட்டு, கத்தியை மேலிருந்து கீழே இழுத்தார். தாள் சத்தமில்லாமல் இரண்டானது. கண்டக்டரும் அப்படியே செய்து பார்த்தார். தாள் பாதி வரை வெட்டுப்பட்டு, மீதி கிழிந்தது.

“தோத்துட்டேன் தம்பி,” என்றார் கண்டக்டர். நல்ல மனிதர்.

நியாயஸ்தருக்குக் கண் கலங்கியது. ஆறு மாத பயம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று தெரியாமலா சொன்னார்கள்!

“நியாயமாப் பாத்தா, பொருள் வாங்குறப்ப விலையப் பாக்கவே கூடாது அண்ணே. மட்டமா ஒம்பது வாங்கி ஒம்பது தடவை அழறதுக்கு, நல்லதா ஒண்ணு வாங்கி ஒரு தடவை அழுதுடலாம். தினமும் கைல புடிச்சு வேலை செய்யற சாமானுக்குக் கணக்குப் பாக்கறவன் தன் கையவே மட்டமா நினைக்கிறான்னு அர்த்தம்.”

“அருமையாச் சொன்னீங்க,” என்றாள் மனைவி. “இது கத்திக்கு மட்டுமாங்க?”

“எல்லாத்துக்கும்தான்!”

“வேலை செய்யற எந்தச் சாமானுக்கும்?”

“எந்தச் சாமானுக்கும்!”

“அண்ணே, நீங்களும் கேட்டீங்கல்ல?”

“நல்லாக் கேட்டுச்சும்மா,” என்றார் கண்டக்டர்.

“அப்ப சரி. மோட்டார் மெஷின் நாளைக்கு வருதுங்க. இருக்கறதுலயே நல்லதாச் சொல்லிட்டேன்.”

நியாயஸ்தர் பேந்தப் பேந்த விழித்தார்.

“அது... கத்தி வேற, மெஷின் வேற...”

“எப்படிங்க வேற?”

“கத்தின்னா... அது வந்து...”

“தம்பி,” என்று கண்டக்டர் தொண்டையைச் செருமினார், “கத்திக்கு ஒரு நியாயம், மெஷினுக்கு ஒரு நியாயமா? ஊரே உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுது?”

கூடாது என்றால் கத்தியும் கூடாது. கத்தி சரி என்றால் மெஷினும் சரி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர் யாரிடம் போய் முறையிடுவது?

மெஷின் வந்தது. நல்ல மெஷின்தான், பொய் சொல்லக் கூடாது. ஒரு தையல் தாண்டவில்லை. அந்த வாரமே நாற்பது திரைச்சீலை தைக்க வேலை வந்தது. அவள் முகம் பூரித்துப் போயிருந்தது. அதைப் பார்த்தபோது நியாயஸ்தருக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. முன்னாலேயே வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தார். நினைத்ததை வெளியே சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கத்தி வழக்கம் போலத் திணறியது. சிரித்துக்கொண்டே மடக்கி ஓய்வு கொடுத்தார். திங்கட்கிழமை எடுத்தார். திணறியது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கத்திக்குக் கூடுதலாக ஒரு நாள் கொடுத்தார். புதன்கிழமை பெட்டியைக் கையால்தான் பிய்க்க வேண்டியிருந்தது. டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலை வீட்டுக்கு வந்ததும் நேராக மெஷினருகே போய் நின்றார். அவள் திரைச்சீலை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கத்திக்கு என்னமோ ஆயிடுச்சும்மா.”

“மழுங்கிடுச்சா?”

“ஓய்வு குடுத்தும் தேற மாட்டேங்குது. ஆறு மாசமா மழுங்காதது எப்படித் திடீர்னு மழுங்கும்?”

அவள் மெஷினை நிறுத்தினாள். நூலை வெட்டினாள்.

“அது வாராவாரம் மழுங்கிட்டுத்தாங்க இருந்துச்சு. சனிக்கிழமை நீங்க குளிக்கப் போறப்ப, என் கத்திரிக்கோலோட சேத்து அதையும் கல்லுல தீட்டி வச்சிடுவேன்.”

நியாயஸ்தருக்கு மழித்த முன்கை இரண்டும் குளிர்ந்தன. கிடங்கு முழுக்கச் சொன்ன இரும்பு சாஸ்திரம் ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வந்தது.

“ஆறு மாசமுமா?”

“ஒரு வாரம் தவறல.”

“அப்ப போன சனிக்கிழமை மட்டும் ஏன் தீட்டல?”

அவள் துணியை ஊசிக்கு அடியில் ஒழுங்காக வைத்து, மோட்டாரை ஓடவிட்டாள்.

“மெஷின்தான் வந்தாச்சே, இனிமே எதுக்குங்க?”